மீண்டும் வானேறும் தகுதி

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவர் மருத்துவரிடம் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, "நான் எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பது. மேசைப் பணியில் இருப்பவருக்கு இதற்கான விடையைச் சிகிச்சை அளித்த மருத்துவரே பெரும்பாலும் கூறிவிடுவார். சில தொழில்களில் மட்டும் அந்த விடை அவர் கையில் இல்லை. விமானியின் தொழில் அத்தகையது. இதயம் நன்றாக இயங்குகிறது என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தாலும், விமானப் போக்குவரத்து ஆணையத்தின் மருத்துவப் பிரிவு அதை ஆராய்ந்து தகுதிச் சான்றிதழை மீண்டும் வழங்கும் வரை, அவர் விமானத்தை இயக்க முடியாது.

நோய் தணிவது ஒன்று. தகுதி திரும்புவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையே சில மாதங்களும் இருக்கலாம், சில ஆண்டுகளும் இருக்கலாம். அந்தக் காலத்தில் வருமானம் குறைகிறது. குடும்பத்தினர் கவலை கொள்கின்றனர். நோயை மறைத்துவிடலாமா என்ற எண்ணமும் சிலருக்கு எழுகிறது. இந்த இடைவெளியை நேர்மையாகக் கடப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். விமானிகள் நம்மிடையே சிலரே. எனினும் பேருந்து, லாரி ஓட்டுநர்கள் உள்ளிட்ட, பிறர் உயிரைத் தம் பொறுப்பில் கொண்ட அனைவருக்கும் இதில் கற்றுக்கொள்ள வேண்டியவை உண்டு.

பத்தாண்டுகள் காத்திருந்தவர்

அமெரிக்கா 1959ஆம் ஆண்டு தன் முதல் விண்வெளி வீரர்களாக ஏழு விமானிகளைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுள் ஒருவர் டீக் ஸ்லேட்டன். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர். பின்னர் புதிய விமானங்களைப் பரிசோதிக்கும் விமானியாகப் பணியாற்றியவர். அதே ஆண்டில் நடந்த பயிற்சியின்போது அவருடைய இதயத் துடிப்பில் ஓர் ஒழுங்கின்மை கண்டறியப்பட்டது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் இந்த நிலையை மருத்துவர்கள் ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்கின்றனர். அவருக்கு அது அவ்வப்போது வந்து, தானே அடங்கியது. அதனால் அவர் எந்தத் துன்பமும் உணரவில்லை.

ஸ்லேட்டன் 1962ஆம் ஆண்டு மே மாதம் பூமியைச் சுற்றி வரவேண்டியவர். தொடக்கத்தில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள் தடை சொல்லவில்லை. எனினும் பயணத்திற்கு இரண்டு மாதங்களே இருந்த நிலையில், மார்ச் மாதத்தில், அந்த முடிவு மாற்றப்பட்டது. அவருக்குப் பதிலாக ஸ்காட் கார்ப்பென்டர் மே 24 அன்று விண்ணுக்குச் சென்றார். புகழ்பெற்ற இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட் பரிசோதித்த பின்னரும் தடை நீங்கவில்லை. விமானப்படையும் அவர் தனியாக விமானம் ஓட்டக் கூடாது என்றும், உடன் மற்றொரு விமானி இருக்க வேண்டும் என்றும் கட்டுப்பாடு விதித்தது.

அவருடைய உடலில் அன்றாடத் தொல்லை ஏதும் இல்லை. நடந்தார், ஓடினார், பணி செய்தார். அப்படியிருந்தும் அவர் விரும்பிய ஒரே செயல் அவருக்கு மறுக்கப்பட்டது. நம் மருத்துவமனைகளிலும் இத்தகைய நோயாளிகளைக் காண்கிறோம். "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, பிறகு ஏன் தடுக்கிறீர்கள்?" என்பது அவர்களுடைய நியாயமான கேள்வி.

ஸ்லேட்டன் அந்த அமைப்பை விட்டு வெளியேறவில்லை. விண்வெளி வீரர்களின் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பை அவ்வாண்டே ஏற்றுக்கொண்டார். யார் எந்தப் பயணத்தில் செல்வது என்பதை முடிவு செய்யும் இடத்தில் அமர்ந்து, நிலவுக்குச் சென்றவர்கள் உட்படப் பலரை விண்ணுக்கு அனுப்பினார். அதே வேளையில் தம் உடல்நிலையையும் கைவிடவில்லை. புகைப்பதை நிறுத்தினார், காபியை விட்டார், மதுவைப் பெருமளவு குறைத்தார், ஒழுங்காக உடற்பயிற்சி செய்தார். 1970ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு துடிப்பு ஒழுங்கின்மை மீண்டும் தோன்றவில்லை. இவற்றுள் எது பயன் தந்தது என்று உறுதியாகக் கூற இயலாது. இந்நோய் தானாகவே நின்றுபோவதும் உண்டு. ஆயினும் புகையும் மதுவும் இதயத் துடிப்பைக் கெடுக்கும் என்பதில் இன்று ஐயமில்லை.

1971ஆம் ஆண்டின் இறுதியில் மினசோட்டா மாநிலத்தின் மேயோ கிளினிக்கில் அவருக்கு முழுமையான இதயப் பரிசோதனை நடந்தது. இதய இரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமும் அதில் அடங்கும். அந்த முடிவுகளின் அடிப்படையில் 1972ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று அவருக்குப் பறக்கும் தகுதி மீண்டும் வழங்கப்பட்டது. 1975ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று, அமெரிக்க விண்கலமும் சோவியத் விண்கலமும் விண்ணில் இணைந்த பயணத்தில், தம் 51ஆம் வயதில் அவர் புறப்பட்டார். விண்வெளிக்குச் சென்றவர்களுள் அதுவரை அவரே வயதில் மூத்தவர்.

செவியால் வந்த தடை

ஸ்லேட்டனின் தோழரான ஆலன் ஷெப்பர்டுக்குத் தடை செவியிலிருந்து வந்தது. 1961ஆம் ஆண்டு மே மாதம் விண்ணுக்குச் சென்ற முதல் அமெரிக்கர் அவர். அடுத்த சில ஆண்டுகளில் கடும் தலைச்சுற்றலும் குமட்டலும் காதிரைச்சலும் அவரை வாட்டின. உட்செவியில் திரவ அழுத்தம் மிகுவதோடு தொடர்புடைய மெனியர் நோய் என்று கண்டறியப்பட்டது. எந்த நொடியில் உலகம் சுழலத் தொடங்கும் என்று தெரியாத ஒருவரிடம் விமானத்தை ஒப்படைக்க முடியாது. எனவே அவரும் பல ஆண்டுகள் தரையில் அமர்த்தப்பட்டார்.

1968ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்லியம் ஹவுஸ் என்ற செவி அறுவை மருத்துவர், உட்செவியின் மிகைத் திரவம் வடிவதற்கு நுண்குழாய் ஒன்றைப் பொருத்தினார். அறுவை முடிந்தவுடன் தகுதி திரும்பிவிடவில்லை. தலைச்சுற்றல் மீண்டும் வரவில்லை என்பதை மாதக்கணக்கில் கண்காணித்து உறுதி செய்த பின்னரே, 1969ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் முழுத் தகுதி பெற்றார். 1971ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தின் தலைவராக, 47ஆம் வயதில் நிலவில் நடந்தார்.

இருவரின் வரலாற்றிலும் ஒரே வரிசை காணப்படுகிறது: தடை, சிகிச்சை அல்லது மாற்றம், காத்திருந்து கண்காணித்தல், பரிசோதனைச் சான்று, தகுதி. இதில் எந்தப் படியையும் தாண்டிச் செல்ல வழியில்லை.

இரண்டு மருத்துவர்கள், இரண்டு கேள்விகள்

சிகிச்சை அளிக்கும் மருத்துவர், "இவர் எவ்வாறு இருக்கிறார்? இவருக்கு என்ன தேவை?" என்று கேட்கிறார். விமான மருத்துவரின் கேள்வி வேறு: "அடுத்த ஓராண்டில் இவர் பணியிலிருக்கும்போது திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு எவ்வளவு?" முதல் மருத்துவர் நோயாளியை மட்டும் பார்க்கிறார். இரண்டாமவர் நோயாளியோடு அவர் பின்னே அமர்ந்திருக்கும் பயணிகளையும் பார்க்க வேண்டியவராகிறார்.

இந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்பதை ஒரு விபத்து காட்டும். ஸ்லேட்டன் தகுதி பெற்ற அதே 1972ஆம் ஆண்டு, ஜூன் 18 அன்று, லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் நகருக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று சில நிமிடங்களிலேயே ஸ்டெயின்ஸ் என்னும் ஊருக்கு அருகே விழுந்தது. அதிலிருந்த 118 பேரும் உயிரிழந்தனர். விமானத் தலைவரின் இதயக் குழாய்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்ததும், அவற்றுள் ஒன்றின் சுவரில் கிழிசல் ஏற்பட்டிருந்ததும் உடற்கூறு ஆய்வில் தெரியவந்தன. விபத்துக்கு அடிப்படையான காரணங்களுள் அவருடைய இதய நிலையையும் விசாரணைக் குழு சேர்த்தது.

அதன் பிறகு, பிரிட்டனின் இதய மருத்துவர்களும் விமான மருத்துவர்களும் கூடி, எந்த அளவு ஆபத்தை ஏற்கலாம் என்று கணக்கிட முயன்றனர். நூறு விமானிகளுள் ஓராண்டில் ஒருவருக்கு மேல் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு இருக்கக் கூடாது என்னும் 'ஒரு விழுக்காட்டு விதி' அவ்வாறு உருவானது. ஓராண்டில் ஏறத்தாழ 10,000 மணி நேரம் என்று கொண்டால், நூற்றில் ஒன்று என்பது ஒரு மணி நேரத்துக்குப் பத்து இலட்சத்தில் ஒன்று ஆகும். பறக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கே, அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், மிக நெருக்கடியானது. அந்த நேரத்தில் நேர்ந்தாலும் அருகில் உள்ள மற்றொரு விமானி நூற்றில் 99 முறை நிலைமையைக் காப்பாற்றிவிடுவார் என்று கொள்ளப்படுகிறது. இவற்றைப் பெருக்கினால், விபத்தின் வாய்ப்பு ஒரு மணி நேரத்துக்கு நூறு கோடியில் ஒன்றாகக் குறைகிறது.

இந்தக் கணக்கில் நோயாளிக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. விதி கேட்பது குறையே இல்லாத உடலை அன்று. ஆபத்து ஓர் எல்லைக்குள் இருக்கிறது என்ற சான்றையே. அந்தச் சான்றைச் சிகிச்சையாலும் பரிசோதனையாலும் பெற முடியும். மேலும், கணக்கின் பெரும்பகுதி இரண்டாம் விமானியைச் சார்ந்திருப்பதால், தனியாக ஓட்டத் தகுதி பெறாத ஒருவர் துணை விமானியுடன் ஓட்டத் தகுதி பெறலாம். பல நாடுகளில் மாரடைப்பு வந்த விமானிகள் முதலில் இந்த நிபந்தனையோடுதான் பணிக்குத் திரும்புகின்றனர்.

சான்றிதழ் திரும்பும் வழி

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தப்பட்டவரையோ பைபாஸ் அறுவை செய்துகொண்டவரையோ எடுத்துக்கொள்வோம். அவருடைய சான்றிதழ் உடனே செயலற்றதாகிறது. ஐரோப்பிய விதிகள் குறைந்தது ஆறு மாதங்கள் காத்திருக்கச் சொல்கின்றன. இந்தக் காத்திருப்பைத் தண்டனையாகக் கருத வேண்டியதில்லை. மாரடைப்பு மீண்டும் வருவதும், ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் தோன்றுவதும், பொருத்திய குழாய் மீண்டும் சுருங்குவதும் முதல் சில மாதங்களிலேயே மிகுதி. அந்தக் காலம் அமைதியாகக் கழிவதே முதல் சான்று.

அதன் பிறகு பரிசோதனைகள். எக்கோ பரிசோதனை இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறனை அளக்கிறது. ஐரோப்பிய விதிப்படி அது 50 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஆஞ்சியோகிராமில், சிகிச்சை செய்யப்படாத எந்தப் பெரிய குழாயிலும் 50 விழுக்காட்டுக்கு மேல் அடைப்பு இருக்கக் கூடாது. நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவி மறைந்திருக்கும் ஒழுங்கின்மையைக் காட்டுகிறது.

டிரெட்மில் சோதனையை நம் வாசகர்கள் பலர் அறிவர். அதில் பெரும்பாலும் பின்பற்றப்படும் புரூஸ் முறையில், மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை பட்டையின் வேகமும் சரிவும் கூடும். அமெரிக்க விமான மருத்துவ விதி, 70 வயதுக்குட்பட்ட விமானியிடம் இதில் ஒன்பது நிமிடங்களை, அதாவது மூன்று கட்டங்களை, எதிர்பார்க்கிறது. பல மாதங்கள் படுக்கையிலும் சோபாவிலும் கழித்தவரால் இதைச் செய்ய இயலாது. எனவே அந்த ஒன்பது நிமிடங்களுக்கான ஆயத்தம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரங்களில், மருத்துவர் அனுமதிக்கும் மெதுவான நடையில் தொடங்குகிறது.

இரத்தக் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை, புகைப்பழக்கம் ஆகியவையும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. உட்கொள்ளும் மருந்துகளும் ஆராயப்படுகின்றன. தூக்கம் தருவது, சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்துவது போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு.

இந்தியாவில் இப்பணி டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் மருத்துவப் பிரிவைச் சேர்ந்தது. வணிக விமானங்களை ஓட்டுவோருக்கு முதல் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். கடுமையான நோய்க்குப் பிறகு ஒருவர் தற்காலிகமாகத் தகுதியற்றவர் என அறிவிக்கப்பட்டால், குறிக்கப்பட்ட காலம் கழிந்ததும் விமானப்படையின் மருத்துவ மையங்களில் மறுபரிசோதனை நடைபெறுகிறது. பெங்களூரில் உள்ள விண்வெளி மருத்துவ நிறுவனம் அவற்றுள் ஒன்று. 'தற்காலிகமாக' என்ற சொல்லை நோயாளியும் குடும்பமும் கவனித்துப் படிக்க வேண்டும். அது முடிவான மறுப்பு அன்று.

மறைப்பதால் வரும் கேடு

வாழ்வாதாரம் தொங்கும் இடத்தில் உண்மையைச் சொல்வது எளிதன்று. நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்று எண்ணிக்கொள்வதும், மயக்கத்தைக் களைப்பு என்று சொல்வதும், ஓர் ஊரில் சிகிச்சை பெற்று வேறோர் ஊரில் தகுதிப் பரிசோதனைக்குச் செல்வதும் நடக்கக் கூடியவையே. இவற்றைச் செய்பவர்களைப் பழிப்பதால் பயனில்லை. அச்சமே அவர்களை இயக்குகிறது. ஆயினும் மறைக்கப்பட்ட நோய்க்குச் சிகிச்சை இல்லை. கண்காணிப்பும் இல்லை. பின்னாளில் வெளிப்பட்டால், நோய்க்காக இழந்த சான்றிதழைத் திரும்பப் பெறலாம்; பொய்க்காக இழந்ததைப் பெறுவது அரிது.

ஆணையங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தண்டனை மட்டுமே காத்திருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எனவேதான் சான்றுகள் பெருகப் பெருக, மூடியிருந்த கதவுகள் சில திறக்கப்பட்டுள்ளன. மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் விமானிகள் பறக்க அமெரிக்கா நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 2010ஆம் ஆண்டு முதல், குறிப்பிட்ட சில மருந்துகளுள் ஒன்றை உட்கொண்டு நிலையாக இருப்பவர்கள் கண்காணிப்பின்கீழ் தகுதி பெற முடிகிறது. இன்சுலின் செலுத்திக்கொள்ளும் வணிக விமானிகளுக்குப் பிரிட்டன் 2012ஆம் ஆண்டு வழி திறந்தது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் கருவிகள் வந்த பின்னர், 2019ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவும் அவ்வாறே செய்தது.

நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியவை

• சிகிச்சை தொடங்கும்போதே உங்கள் தொழிலை மருத்துவரிடம் கூறுங்கள். ஒரே நோய்க்கு இரண்டு மருந்துகள் இருக்கும்போது, எது உங்கள் தொழிலுக்குத் தடையாகாது என்று அவர் எண்ணிப் பார்க்க இது உதவும். அதற்காக உயிர் காக்கும் மருந்தைத் தள்ளிப்போடவோ, நீங்களாக நிறுத்தவோ கூடாது.

• டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோகிராம் பதிவு உள்ள சி.டி., எக்கோ, ஈ.சி.ஜி. தாள்கள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், மருந்துப் பட்டியல் ஆகியவற்றைத் தேதி வாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். முடிவைச் சுருக்கிச் சொல்லும் கடிதம் மட்டும் போதாது. மூலப் பதிவுகளையே ஆய்வாளர்கள் கேட்பர். இந்தக் கோப்பைப் பேணும் பொறுப்பைக் குடும்பத்தில் ஒருவர் ஏற்பது நலம்.

• "இவர் நலமாக உள்ளார்" என்ற ஒரு வரிச் சான்று பயன் தராது. என்ன நோய், என்ன சிகிச்சை, இப்போது என்ன நிலை, மீண்டும் வரும் வாய்ப்பு எவ்வளவு, தொடர் கண்காணிப்பு எவ்வாறு என்பவற்றை விளக்கும் அறிக்கையை மருத்துவரிடம் கேளுங்கள்.

• இதய மறுவாழ்வுப் பயிற்சிக்குத் தவறாமல் வாருங்கள். வீட்டில் ஒருவர் புகையை விடும்போது மற்றவர்களும் உடன் விடுவது அவருக்குப் பெருந்துணை.

• காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய வேறு பணியைத் தேடுங்கள். பயிற்சி அளித்தல், திட்டமிடல் போன்ற தரைப்பணிகள் வருமானத்தோடு மன உறுதியையும் தரும். தூக்கமின்மையோ மனச்சோர்வோ தோன்றினால் அதையும் மருத்துவரிடம் கூறுங்கள்.

பேருந்து, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்டுவோரின் உரிமத்துக்குப் படிவம் 1-ஏ என்னும் மருத்துவச் சான்று தேவை என்பதை ஓட்டுநர்கள் அறிவர். அதில் கையொப்பமிடும் மருத்துவரிடம் வலிப்பு, மயக்கம், மாரடைப்பு ஆகியவற்றை மறைக்காமல் சொல்வதும் இதே கடமைதான்.

ஸ்லேட்டனின் கதையில் இன்னும் ஒரு பகுதி மீதமிருக்கிறது. 1975ஆம் ஆண்டு விண்கலம் தரையிறங்கும்போது நச்சு வாயு உள்ளே புகுந்ததால், மூன்று வீரர்களும் ஹோனலூலுவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கு எடுத்த படங்களில் ஸ்லேட்டனின் நுரையீரலில் ஒரு புள்ளி தென்பட்டது. அறுவை செய்து பார்த்தபோது அது புற்றுநோய் அன்று என்று தெரிந்தது. பயணத்திற்கு முன்பே கண்டிருந்தால், அவர் பறந்திருக்கவே மாட்டார். எந்தச் சான்றிதழும் நாளைய உடல்நலத்துக்கு உறுதி அளிப்பதில்லை என்பதை இது நினைவூட்டுகிறது. அன்று வரை கிடைத்த உண்மைகளைக் கொண்டு, நோயாளியும் மருத்துவரும் ஆணையமும் நேர்மையாக எடுத்த முடிவே அது.

எனவே, அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது "நான் எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "நான் தகுதி பெற்றுவிட்டேன் என்பதை எந்தப் பரிசோதனைகள் காட்டும்? அவற்றுக்கு இன்றிலிருந்து நான் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை கூற உங்கள் மருத்துவரிடம் நிறைய இருக்கும்.